கணவனும் மனைவியும் சேர்ந்து 'இட் டேக்ஸ் டூ' விளையாட: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு ஹாலில் இந்த கேமைப் பார்த்துவிட்டுப் போனவர்களும், அவர்கள் சொல்லிக் கேள்விப்பட்டவர்களும் என்னிடம் கேட்பதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கல்யாணமானவர்களுக்காக, அதிலும் கேம் பக்கமே எட்டிப் பார்க்காதவர்களுக்காக எழுதுவது. முடிவைப் பற்றிப் பேசும் இடத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

இது என்ன கேம்? யார் செய்தது?

ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் இருக்கும் ஹேஸ்லைட் ஸ்டூடியோஸ் செய்த வீடியோ கேம். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 2021 மார்ச்சில் வெளியிட்டது. இயக்கியவர் ஜோசப் ஃபேரஸ். லெபனானில் பிறந்து, சிறுவனாக இருக்கும்போதே குடும்பத்தோடு ஸ்வீடனுக்குப் போனவர். கேம் செய்ய வருவதற்கு முன்னால் சினிமா எடுத்துக்கொண்டிருந்தார். 2021 டிசம்பரில் 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் ஆண்டின் சிறந்த கேம் விருது இதற்குத்தான் கிடைத்தது. துப்பாக்கிச் சண்டைகளும் பெரிய சாகசங்களும் போட்டியிடும் இடத்தில், விவாகரத்து வரை போன ஒரு தம்பதியின் கதை ஜெயித்தது எனக்கு இன்றைக்கும் சந்தோஷமான விஷயம்.

கதை என்ன?

கோடி, மே என்று ஒரு தம்பதி. மே இன்ஜினியர், வேலையே கதி என்று ஓடுகிறவள். கோடி வீட்டையும் மகளையும் பார்த்துக்கொள்கிறவன், ஒரு காலத்தில் தோட்டத்தில் உயிராக இருந்தவன். ரோஸ் என்ற மகள். இனி சேர்ந்து வாழப் போவதில்லை என்று மகளிடம் சொல்லிவிடுகிறார்கள். அவள் அழுது ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. வீட்டை ஒட்டிய பழைய ஷெட்டுக்குப் போய், அப்பா அம்மா மாதிரி தானே செய்த இரண்டு பொம்மைகளை எடுத்து வைத்துக்கொள்கிறாள். கையில் தம்பதிகள் சேர்ந்து வாழ்வது பற்றி டாக்டர் ஹக்கீம் என்பவர் எழுதிய புத்தகம். அவள் கண்ணீர் அந்தப் பொம்மைகள் மேல் விழுகிறது. கண் விழித்தால் கோடி களிமண் பொம்மை, மே மரப் பொம்மை. அவர்களுடைய உண்மையான உடம்பு வீட்டில் தூங்கிக்கிடக்கிறது. மகள் வந்து எழுப்பிப் பார்க்கிறாள், எழவில்லை.

பொம்மை அளவில் இருக்கும் இருவரும் ஷெட்டிலிருந்து கிளம்பி மகளிடம் போய்ச் சேர வேண்டும். இதுதான் கேம். போகும் வழியில் மரம், மகளின் அறை, குக்கூ கடிகாரம், பனிக் கண்ணாடி உருண்டை, தோட்டம், பரண் என்று ஒவ்வொன்றும் ஒரு உலகமாக விரிகிறது. டாக்டர் ஹக்கீமின் புத்தகமும் உயிர்பெற்று, நடுநடுவே குதித்து வந்து அறிவுரை சொல்கிறது.

தனியாக விளையாட முடியுமா?

முடியாது. கம்ப்யூட்டரை எதிராளியாகவோ துணையாகவோ வைத்துக்கொள்ளும் வசதியே கிடையாது. இரண்டு மனிதர்கள் வேண்டும்.

என்னென்ன வாங்க வேண்டும்?

டிவியில் மாட்டி விளையாடும் மெஷின்களான பிளேஸ்டேஷன் 4 அல்லது 5, எக்ஸ்பாக்ஸ், இல்லையென்றால் விண்டோஸ் கம்ப்யூட்டர், எதிலும் ஓடும். நின்டெண்டோ ஸ்விட்சுக்கு 2022 நவம்பரில் வந்தது. ஒரே வீட்டில் விளையாடினால் ஒரு பிரதியும் இரண்டு கன்ட்ரோலரும் (கையில் பிடித்து விளையாடும் கருவி) போதும். கம்ப்யூட்டரில் ஒருவர் கீபோர்டு, மவுஸ் வைத்துக்கொண்டு மற்றவர் கன்ட்ரோலர் பிடிக்கலாம். ஆனால் புதிதாகக் கற்கிறவருக்குக் கன்ட்ரோலரைக் கொடுங்கள்.

கம்ப்யூட்டர் பழையதாக இருந்தால் பயப்பட வேண்டாம். 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 660 அளவு கிராபிக்ஸ் கார்டு, 50 ஜிபி இடம் இருந்தாலே ஓடும் என்று ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையின் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். அங்கே ஆஃபர் வரும் நாட்களில் விலை நன்றாகவே இறங்கும். அவசரமில்லை என்றால் காத்திருந்து வாங்குங்கள்.

பழைய கன்ட்ரோலர் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. நம் ஊர் உப்புக்காற்றில் எந்த எலக்ட்ரானிக் சாமானும் சீக்கிரம் கெடும். தேவனாம்பட்டினம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. கட்டைவிரலால் அசைக்கும் ஸ்டிக்கைத் தொடாமல் வைத்துவிட்டு ஸ்கிரீனைப் பாருங்கள். திரையில் இருக்கும் ஆள் தானாக நகர்ந்தால் அந்தக் கன்ட்ரோலர் வேண்டாம்.

கணவர் சிங்கப்பூரில், நான் திருப்பாதிரிப்புலியூரில். சேர்ந்து விளையாட முடியுமா?

தாராளமாக. நம் மாவட்டத்தில் இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். 'ஃப்ரெண்ட்ஸ் பாஸ்' என்று ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். ஒருவர் மட்டும் கேமை வாங்கினால் போதும். மற்றவர் அந்தப் பாஸை இலவசமாக டவுன்லோடு செய்துகொண்டு, வாங்கியவர் அழைப்பு அனுப்பியதும் உள்ளே வந்துவிடலாம். முதல் காட்சியிலிருந்து கடைசி வரை முழு கேமும் அப்படியே விளையாடலாம்.

இருவரிடமும் ஒரே வகை மெஷின் இருக்க வேண்டும். ஒருவர் பிளேஸ்டேஷனும் மற்றவர் கம்ப்யூட்டரும் வைத்திருந்தால் சேராது. இருவருக்கும் இஏ (எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ்) அக்கவுண்ட் வேண்டும், அதை முதல் நாளே உருவாக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆசையாக உட்கார்ந்த பிறகு பாஸ்வேர்டு, ஓடிபி என்று அலைந்தால் பாதி ராத்திரி அதிலேயே போய்விடும். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. இங்கே சாப்பாட்டு வேலை முடிந்து ஒன்பது மணிக்கு நீங்கள் உட்கார்ந்தால் அங்கே பதினொன்றரை. சனிக்கிழமை வைத்துக்கொள்வதுதான் அவருக்கும் நல்லது.

தூரத்தில் இருக்கும் தம்பதிகளுக்கு இந்த கேமை நான் மனசார சிபாரிசு செய்கிறேன். தினமும் போனில் பேசுகிறோம். ஆனால் "சாப்டியா, பாப்பா தூங்கிட்டாளா, பணம் வந்துச்சா" என்பதோடு பேச்சு தீர்ந்துவிடுகிறது. சேர்ந்து செய்வதற்கு ஒரு வேலை இருந்தால் பேச்சு தானாக வேறு மாதிரி ஓடும்.

வீட்டுக்காரர் (அல்லது வீட்டுக்காரி) கன்ட்ரோலரைத் தொட்டதே இல்லை. கற்றுக்கொள்ள முடியுமா?

முடியும். என் கணவர் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவர். செல்போனில் சீட்டாட்டம் தவிர எதுவும் ஆடியதில்லை. நான் சின்ன வயதிலிருந்து தம்பியோடு விளையாடி வளர்ந்தவள். அப்படிப்பட்ட ஜோடிக்கே இது ஒத்துவந்தது.

புதியவருக்குக் கஷ்டமாக இருப்பது குதிப்பதோ ஓடுவதோ இல்லை. இடது கட்டைவிரல் ஆளை நடத்த வேண்டும், வலது கட்டைவிரல் பார்வையைத் திருப்ப வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில். நடந்துகொண்டே இருப்பார்கள், பார்வை சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். "எங்க போறதுன்னே தெரியல" என்று கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிடத் தோன்றுவது அந்த நேரத்தில்தான். கதையை முன்னே தள்ளாமல், ஷெட்டுக்குள்ளேயே கொஞ்ச நேரம் சும்மா சுற்றவிடுங்கள். ஒரு பெட்டி மேல் ஏறி இறங்கட்டும், கண்ணில் படுகிற சாமானையெல்லாம் அமுக்கிப் பார்க்கட்டும். விழுந்தாலும் செத்தாலும் உடனே திரும்ப எழுந்துவிடலாம், அதற்குத் தண்டனை எதுவும் இல்லை. இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். "ஐயோ செத்துட்டேன்" என்ற பயம் போனாலே கை இளகிவிடும்.

தெரிந்தவர் செய்யக்கூடாதது ஒன்று உண்டு. "குடுங்க, நான் பண்ணித் தரேன்" என்று கன்ட்ரோலரைப் பிடுங்காதீர்கள். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி.

ஆங்கிலம் அவ்வளவாக வராது. தமிழ் சப்டைட்டில் உண்டா?

இல்லை. ஆங்கிலத்தில்தான் பேசுகிறார்கள். சப்டைட்டிலைப் போட்டுக்கொண்டு, தெரிந்தவர் இன்னொருவருக்குச் சொல்லிக்கொண்டே போகலாம். என்ன செய்ய வேண்டும் என்பது பெரும்பாலும் பார்த்தாலே புரியும். கோடியும் மேயும் ஒருவரையொருவர் குத்திப் பேசும் இடங்களை மட்டும் நிறுத்தி நிதானமாகச் சொல்லுங்கள், கதையே அங்கேதான் இருக்கிறது.

எவ்வளவு நேரம் பிடிக்கும்?

பழகியவர்களுக்குப் பன்னிரண்டிலிருந்து பதினைந்து மணி நேரம். புதியவர் இருந்தால் கூடவே ஆகும். தினமும் விளையாடித் தீர்க்க வேண்டியதில்லை. ஷிஃப்ட் மாறும் வீடுகளில் ஆஃப் நாளில் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் இரண்டு மூன்று மாதத்துக்கு வரும். நைட் ஷிஃப்ட் முடித்து வந்த அன்றைக்கு மட்டும் கூப்பிடாதீர்கள்.

கரண்ட் போனால்?

கேம் அங்கங்கே தானாக சேவ் ஆகிக்கொள்ளும். போன இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலிருந்து தொடரலாம். ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் பிளக்கைக் கழற்றி வைத்துவிடுங்கள், அவ்வளவுதான்.

யார் கோடி, யார் மே?

மனைவி மே, கணவன் கோடி என்று எடுத்துக்கொள்ளத்தான் எல்லோருக்கும் கை போகும். மாற்றி எடுத்துப் பாருங்கள் என்பேன். என் கணவர் மேயாக விளையாடினார். எப்போது பார்த்தாலும் வேலை, வீட்டுக்கு நேரமில்லை என்று கோடி மேயைக் குறை சொல்லும் ஒவ்வொரு முறையும் அவர் தன்னையறியாமல் மேயின் பக்கம் நின்று பதில் சொன்னார். "அவ என்ன ஆசைப்பட்டா ஓவர்டைம் பாக்குறா?" என்றார் ஒரு தடவை. அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். நானும் பேசவில்லை.

சேர்ந்து விளையாடினால் சண்டை வராதா?

வரும். ஆனால் இந்த கேம் கட்டப்பட்டிருக்கிற விதத்தால் அந்தச் சண்டை ரொம்ப நேரம் நீடிக்க முடியாது. அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு உலகத்திலும் இருவருக்கும் வேறு வேறு கருவி கொடுக்கிறார்கள். ஒன்று இல்லாமல் இன்னொன்றால் எந்தப் பயனும் இல்லாதபடி. ஷெட்டில் கோடியிடம் ஆணி, மேயிடம் சுத்தியல். கோடி எதிர்ச்சுவரில் ஆணியை எறிந்து குத்தினால்தான் மே சுத்தியலை அதில் மாட்டித் தொங்கி அந்தப் பக்கம் தாண்ட முடியும். அங்கே போன மே எதையாவது அடித்து நகர்த்தினால்தான் கோடிக்கு வழி திறக்கும். மரத்தில் கோடி பிசினைப் பீய்ச்சுவான், மே தீக்குச்சியைச் சுடுவாள், இரண்டும் சேர்ந்தால்தான் வெடிக்கும். கடிகாரத்துக்குள் கோடிக்கு ஒரு பொருளின் நேரத்தைப் பின்னால் ஓட்டும் சக்தி, மேக்குத் தன்னைப் போலவே ஒரு நிழலை விட்டுவிட்டு நினைத்தபோது அதனிடம் திரும்பும் சக்தி. பனி உருண்டைக்குள் ஆளுக்கொரு காந்தம்.

இதனால் என்ன நடக்கிறது என்றால், பேசாமல் ஒரு அடிகூட எடுத்து வைக்க முடியாது. திரை இரண்டாகப் பிரிந்திருக்கும், எனக்குத் தெரிவது உங்களுக்கும் தெரியும். இருந்தாலும் எப்போது குதிக்கப் போகிறேன் என்பதை நான் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் ஷெட் முழுக்க இப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தது:

"நான் அடிச்சிட்டேங்க, தாவுங்க."
"எங்க அடிச்ச? மேலயா?"
"மஞ்சளா இருக்கு பாருங்க, அதுல."
"இரு இரு, கேமரா திரும்பல… ஆங், வந்துட்டேன்."
"கீழ பாக்காதீங்க, நேரா வாங்க."

இது சாதாரணப் பேச்சுதான். ஆனால் எத்தனை வீடுகளில் கணவன் மனைவிக்குள் "இரு, எனக்கு இன்னும் தெரியல" என்ற வார்த்தையைக் கோபமில்லாமல் சொல்கிறோம்? "நான் ரெடி, நீங்க ரெடியா?" என்று கேட்டுவிட்டு ஒரு காரியத்தைச் செய்கிறோம்? கேட்காமலே செய்துவிட்டு அப்புறம் "இதுகூடத் தெரியாதா?" என்று பேசுவதுதான் நம் பழக்கம். இந்த கேம் அதற்கு இடமே கொடுப்பதில்லை. கோபித்துக்கொண்டு ஒருவர் நின்றால் இருவரும் அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

நடுவில் கோபத்தைத் தணிக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். அங்கங்கே ஒளித்து வைத்த சின்னச் சின்னப் போட்டிகள், மொத்தம் 25. அதில் மட்டும் ஒருவரை ஒருவர் ஜெயிக்கலாம். ஷெட்டிலேயே ஒன்று இருக்கிறது: கோடி பொந்துகளிலிருந்து தலையை நீட்ட வேண்டும், மே சுத்தியலால் அடிக்க வேண்டும். கதை இறுக்கமாகப் போகும்போது இதைத் தேடிப்பிடித்து விளையாடுங்கள். சத்தம் போட்டுச் சிரித்துவிடுவீர்கள்.

எங்களுக்குள் உண்மையிலேயே பிரச்சினை. இதை விளையாடினால் தீருமா?

தீராது. ஒரு கேம் தீர்க்கும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

கோடிக்கும் மேக்கும் உள்ள பிரச்சினை நேரமின்மை, ஒருவரையொருவர் கவனிக்காமல் விட்டது, தனக்குப் பிடித்ததைக் கைவிட்டது. தோட்டத்தை அவன் விட்டுவிட்டான், பாட்டை அவள் விட்டுவிட்டாள். இது உண்மையான பிரச்சினைதான். ஆனால் நம் வீடுகளில் இதோடு கடன் இருக்கிறது, நகை அடகில் இருக்கிறது, மாமியார் நாத்தனார் பேச்சு இருக்கிறது, குடி இருக்கிறது. அந்த வீட்டில் இது எதுவும் இல்லை. அதனால் கதை நம் வீட்டோடு அச்சாகப் பொருந்தும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பொருந்துகிற ஒரு இடத்தைச் சொல்கிறேன். புதுச்சேரி லாஸ்பேட்டையில் என் சொந்தத்தில் ஒரு அக்காவும் மாமாவும். அடிதடி கிடையாது, யாரும் வீட்டை விட்டுப் போகவும் இல்லை. ஆனால் நேருக்கு நேர் பேச்சு நின்றுபோயிருந்தது. எல்லாம் மகன் வழியாகத்தான். "அப்பாகிட்ட சாப்பாடு எடுத்து வெச்சிருக்குன்னு சொல்லு." "அம்மாகிட்ட கேஸ் புக் பண்ணியாச்சான்னு கேளு." மூன்று பேரும் ஒரே ஹாலில் உட்கார்ந்திருக்கும்போதே இப்படி. பையனும் ஒரு வார்த்தை மாறாமல் அந்தப் பக்கம் சொல்லி, பதிலை வாங்கி இந்தப் பக்கம் கொடுப்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, பையன் என் கணவரோடு சில்வர் பீச்சுக்குப் போயிருந்த நேரத்தில், இருவர் கையிலும் கன்ட்ரோலரைக் கொடுத்து உட்காரவைத்தேன். சொல்லி அனுப்ப ஆளில்லை. அக்கா டிவியைப் பார்த்தபடியே "ஆணி அடிக்கணுமாம்" என்றாள், யாரிடமோ சொல்வதுபோல. மாமா அடித்தார். "அங்க இல்லங்க, இன்னும் மேல" என்றாள். அவ்வளவுதான் நடந்தது. அன்றைக்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவே மாட்டேன். அவர்கள் அப்புறம் ஒரு கவுன்சலரிடம் போனார்கள், அதுதான் உதவியது. ஆனால் நேராக ஒரு வாக்கியம் பேசுவது எப்படி இருக்கும் என்பது அந்த மதியத்தில் இருவருக்கும் ஞாபகம் வந்தது. இந்த கேமிடம் நான் எதிர்பார்ப்பது அவ்வளவுதான், அது சின்ன விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

பெரிய பிரச்சினை என்றால் மனநல ஆலோசகரைப் பாருங்கள். மனம் தாங்கவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாகப் பேசலாம். வழக்கு வரை போனாலும்கூட, சமரசத்துக்கு வழி இருக்கிறதா என்று நீதிமன்றம் முதலில் முயன்று பார்க்க வேண்டும் என்று 1984-ஆம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டம் சொல்கிறது. அங்கே போவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அடி, மிரட்டல் இருக்கும் வீட்டில் இந்தப் பேச்சே வேண்டாம். அங்கே "சேர்ந்து விளையாடிப் பாருங்க" என்று யாராவது சொன்னால் அது தப்பான அறிவுரை. பெண்கள் உதவி எண் 181, எந்த நேரமும் கூப்பிடலாம்.

அந்த டாக்டர் ஹக்கீம் சொல்வதெல்லாம் சரியா?

எனக்கு அவர் மேல் பாதி மரியாதைதான். குடும்பச் சண்டையில் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்து, இரண்டு பக்கமும் முழுதாகக் கேட்காமல் "ரெண்டு பேரும் விட்டுக்கொடுத்துப் போங்க" என்று தீர்ப்புச் சொல்லும் பெரியப்பா மாதிரி அவர். ஒத்துழைப்பு வேண்டும், நேரம் ஒதுக்க வேண்டும், பிடித்ததை மீட்டெடுக்க வேண்டும் என்று அவர் சொல்லும் தலைப்புகளில் குறையில்லை. ஆனால் "நாங்கள் பிரியத்தான் போகிறோம்" என்று வளர்ந்த இரண்டு பேர் தெளிவாகச் சொல்லும்போது அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் சேர்த்துவைப்பதிலேயே குறியாக இருக்கிறார். கேமின் பலவீனமான பகுதி இது. பிரிந்துவிட்ட ஒருவர் இதை விளையாடினால் அந்த இடங்கள் உறுத்தும். அவர்களிடம் கொடுக்கும் முன் யோசித்துக் கொடுங்கள்.

குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் பரவாயில்லையா?

பார்க்க பொம்மைப் படம் மாதிரி இருப்பதால் பலரும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். ஐரோப்பாவில் 12 வயதுக்கு மேல் என்று தரம் பிரித்திருக்கிறார்கள், அது நியாயமான கணக்கு.

முக்கியமாக ஒரு காட்சி. மகளின் அறையில் நடப்பது. மகளின் கண்ணீரால்தான் பொம்மையானோம், அவளைத் திரும்ப அழவைத்தால் பழையபடி ஆகிவிடலாம் என்று கோடியும் மேயும் முடிவு செய்கிறார்கள். அதற்காக அவளுக்கு ரொம்பப் பிடித்த யானைப் பொம்மையை உடைக்கக் கிளம்புகிறார்கள். அந்த யானை இவர்களைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறது. அப்புறம் விஷயம் புரிந்து கெஞ்சுகிறது. இழுத்துக்கொண்டு போய்த் தள்ளும் வரை பட்டனை அமுக்க வேண்டியது நீங்கள்தான். வேடிக்கை பார்த்துக்கொண்டு தப்பிக்க முடியாது. காது கிழிகிறது. மகள் வந்து பார்த்து அழுகிறாள். அழுதும் எதுவும் மாறவில்லை.

என்னால் அந்தக் காட்சியை லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. முதலில் ஏன் இவ்வளவு கொடுமையாக வைத்தார்கள் என்று கோபம் வந்தது. இப்போது அது இருக்க வேண்டிய காட்சி என்றே நினைக்கிறேன். பெரியவர்கள் தங்கள் பிரச்சினைக்கு வழி தேடும் வேகத்தில் பிள்ளைக்கு என்ன ஆகிறது என்பதைப் பார்ப்பதில்லை. "பாப்பாவுக்கு என்ன தெரியும்" என்று சொல்லிக்கொண்டே பாப்பா முன்னாலேயே எல்லாம் பேசுகிறோம். "அம்மா ஊருக்குப் போயிருக்காங்க" என்று பள்ளியில் சொல்லச் சொல்லிக் கொடுக்கிறோம். எதற்குப் போனாள் என்று பிள்ளைக்குத் தெரியும். அந்தக் காட்சியைப் பிள்ளைகள் தூங்கிய பிறகு, நீங்கள் இருவர் மட்டும் விளையாடுங்கள்.

மாமனார் மாமியார் வீட்டில் இருக்கிறார்கள். "கல்யாணமான வயசுல கேமா?" என்கிறார்களே?

உட்கார வைத்துக் காட்டுங்கள். கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டே விளையாடினால் சீரியல் பார்ப்பதுபோல் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். எங்கள் அத்தை பரண் காட்சி வரைக்கும் விடாமல் பார்த்தார். மே திரும்பப் பாடுகிற இடத்தில் "அந்தப் புள்ள பாட்ட ஏன்தான் விட்டுச்சோ" என்று கேட்டுவிட்டு, தான் கல்யாணத்துக்கு முன் கோயில் பஜனையில் பாடிய கதையைச் சொன்னார். அது அதுவரை எங்கள் யாருக்கும் தெரியாது.

கடைசியில் சேர்ந்துவிடுகிறார்களா? (முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இதைத் தாண்டிவிடுங்கள்)

மனிதர்களாகத் திரும்புகிறார்கள். ஒருவர் மேல் ஒருவருக்குப் பிரியம் இன்னும் இருக்கிறது என்பது தெரிகிறது. அதற்குள் ரோஸ் ஒரு கடிதம் எழுதிவைத்துவிட்டு வீட்டை விட்டுக் கிளம்பியிருக்கிறாள். அப்பா அம்மா சண்டைக்குத் தான்தான் காரணம், தான் போய்விட்டால் அவர்கள் சரியாகிவிடுவார்கள் என்பது அவள் நினைப்பு. பஸ் நிறுத்தத்தில் அவளைக் கண்டுபிடித்து, உன் மேல் எந்தத் தப்பும் இல்லை என்று சொல்கிறார்கள். இனி சேர்ந்தே வாழ்வார்கள் என்று கேம் உறுதியாகச் சொல்லி முடிக்கவில்லை. அதை நான் நல்ல முடிவு என்கிறேன். சேர்ந்திருந்தாலும் பிரிந்தாலும் பிள்ளையிடம் சொல்ல வேண்டிய வார்த்தை அதுதான்.

முடித்த பிறகு அடுத்து என்ன விளையாடலாம்?

முதலில் இதையே கதாபாத்திரம் மாற்றி ஒருமுறை. கருவிகள் மாறுவதால் பாதி கேம் புதிதாக இருக்கும். எந்த அத்தியாயத்திலிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம்.

அப்புறம் ஹேஸ்லைட்டின் மற்ற இரண்டு. 2018-இல் வந்த 'எ வே அவுட்' ஜெயிலிலிருந்து தப்பிக்கும் இரண்டு பேரின் கதை. ரத்தம், துப்பாக்கி எல்லாம் உண்டு, பெரியவர்களுக்கு மட்டும். 2025 மார்ச்சில் வந்த 'ஸ்பிளிட் ஃபிக்‌ஷன்' இரண்டு பெண் எழுத்தாளர்கள் தங்கள் கதைகளுக்குள்ளேயே மாட்டிக்கொள்வது. இதைவிடக் கை வேகம் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். இரண்டிலும் ஒருவர் வாங்கினால் மற்றவர் இலவசமாகச் சேரலாம். ஸ்பிளிட் ஃபிக்‌ஷனில் ஒருவர் பிளேஸ்டேஷனிலும் மற்றவர் கம்ப்யூட்டரிலும் இருந்தாலும் சேர்ந்து ஆட முடியும், அதனால் சிங்கப்பூர் வீட்டுக்காரர்களுக்கு அதுவே வசதி. சமையல்கட்டில் ஆர்டர் முடிக்கும் 'ஓவர்குக்ட்' பற்றியும் கேட்கிறார்கள். நல்ல கேம்தான், ஆனால் கடிகாரம் துரத்திக்கொண்டே இருக்கும். புதிதாகப் பேச ஆரம்பித்திருக்கும் ஜோடிகள் அதைக் கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்கள்.